லாஞ்ச்சில் போன டேபிள் ஃபேன்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், துர்கா பூஜைக்கு மூன்று வாரம் இருக்கும்போது நடந்தது இது. எனக்கு வீடு ஹவுராவில். ஆற்றுக்கு அந்தப் பக்கம், கொல்கத்தாவில் ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனியில் வேலை. தினமும் லாஞ்ச் என்கிற மோட்டார் படகில்தான் ஆற்றைக் கடப்பேன். பதினெட்டு வருஷமாக அதே கம்பெனி, அதே நாற்காலி.

திடீரென்று ஆட்குறைப்பு என்று பேச்சுக் கிளம்பியது. மேனேஜரைக் கேட்டால், "பூஜைக்கு அப்புறம் பார்க்கலாம்" என்றார். இந்த ஊரில் பல் பிடுங்குவதிலிருந்து பெண் பார்ப்பதுவரை எல்லாமே பூஜைக்கு அப்புறம்தான். வேலையை விட்டுத் தூக்குவதும் அப்படித்தான் போலிருக்கிறது!

சென்னையிலிருந்து அக்கா ஃபோனில் கத்தினாள். "வெளியே போன்னு சொல்ற வரைக்கும் உட்கார்ந்திருப்பியா? மானமா நீயே எழுதிக் குடுத்துட்டு வாடி." என் வீட்டுக்காரரோ, "நீயா ஒரு காகிதமும் நீட்டாதே. அவங்களே அனுப்பட்டும்" என்றார். மகள் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள், என் சம்பளத்தை நம்பி. ராஜினாமா கடிதத்தை நாலு தடவை எழுதி, நாலு தடவை கிழித்தேன்.

முடிவெடுக்கத்தான் தைரியமில்லை, கற்பனைக்குக் குறைச்சலில்லை. அட்டைப்பெட்டியைச் சுமந்துகொண்டு எல்லோரும் பார்க்க மாடிப்படி இறங்குவது தினமும் கண்முன் ஓடியது. அதனால் ஒரு காரியம் செய்தேன். மேஜையிலும் அதைச் சுற்றியும் இருந்த என் சொந்த சாமான்களை தினம் ஒன்றாக வீட்டுக்குக் கடத்த ஆரம்பித்தேன். முதல் நாள் டபரா டம்ளர். அப்புறம் கெட்டில், மணிபிளான்ட், சுவர்க்கடிகாரம். யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று பழைய துப்பட்டாவைப் போட்டு மூடிக்கொள்வேன்.

ஒன்பதாம் நாள் டேபிள் ஃபேன். துப்பட்டாவுக்கு அடங்காமல் அதன் தலை பையிலிருந்து எட்டிப் பார்த்தது.

லாஞ்ச்சில் பக்கத்தில் வழக்கமாக ஒரு தீதி, நம் ஊர்ப் பேச்சில் அக்கா, உட்காருவார். அலிப்பூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட். அதுவரை எங்களுக்குள் சிரிப்போடு சரி. அன்றைக்கு நெருங்கி வந்து, வங்காளத்தில் மெதுவாகச் சொன்னார்.

"உனக்கு என்ன கஷ்டமோ தெரியாது. ஆனா ஆபீஸ் சாமானை இப்படி எடுத்துட்டுப் போகாதே. தினமும் நான் இந்த மாதிரி கேஸைத்தான் டைப் பண்றேன். கெட்டில்ல ஆரம்பிச்சு கம்ப்யூட்டர்ல முடியும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயோ தீதி, இது என் சொந்த ஃபேன்!"

"அதையும் டைப் பண்ணியிருக்கேன்" என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தேன். நடந்ததையெல்லாம் கொட்டினேன், கொஞ்சம் சத்தமாகவே. விடுவார்களா? நடு ஆற்றுக்குப் போவதற்குள் பாதி லாஞ்ச் பஞ்சாயத்தில் சேர்ந்துவிட்டது. தொப்பி வைத்த ஒருவர், "நாளைக்கே ராஜினாமா பண்ணுங்க" என்றார். குடைக்காரர் ஒருவர், "நாற்காலியோட தூக்கினாலும் எழுந்திருக்காதீங்க" என்றார். என்னை மறந்துவிட்டு அவர்கள் இருவரும் சண்டைக்கு நின்றார்கள்.

தீதி மட்டும் கேட்டார். "மேஜையில இன்னும் என்ன பாக்கி?"

"ஒண்ணுமில்லை. குஷன் மட்டும்."

"அப்ப நீ ஏற்கெனவே வேலையை விட்டாச்சு. அவங்ககிட்ட சொல்லலை, அவ்வளவுதான்."

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. மறுநாள் காலையில் எல்லாவற்றையும் இரண்டு பெரிய பைகளில் திணித்து, ஃபேனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆபீஸ் படியேறினேன். எதிரே மேனேஜர்.

"நீங்க வேற கம்பெனிக்குப் போகலையா?"

"யார் சொன்னது?"

"மேஜை காலியாகிட்டே வந்துதே! எப்படியும் போறவங்கதானேன்னு லிஸ்ட்ல உங்க பேரைத்தான் முதல்ல போட்டேன்."

கேட்டீர்களா கதையை? என் பெயரை அந்தப் பட்டியலில் எழுத வைத்ததே என் துப்பட்டாதான்! "நானா போக மாட்டேன் சார். நீங்க அனுப்புற அன்னிக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு, ஃபேனை மாட்டிச் சுற்ற விட்டேன்.

துர்கா பூஜை முடிந்தது. அந்தப் பட்டியல் காளி பூஜைக்கு அப்புறம், சரஸ்வதி பூஜைக்கு அப்புறம் என்று தள்ளிக்கொண்டே போய், கடைசிவரை வரவேயில்லை. அடுத்த மழைக்காலத்தில் கிளையையே மூடிவிட்டார்கள். மேனேஜர் உட்பட அத்தனை பேரும் ஒரே நாளில் வீட்டுக்கு.

நான் பயந்த அதே அட்டைப்பெட்டியோடு அன்றைக்கு லாஞ்ச் ஏறினேன். தொப்பிக்காரர் கரை வரை சுமக்க ஃபேனை வாங்கிக்கொண்டார். குடைக்காரர் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, "அப்பவே ராஜினாமா பண்ணியிருந்தா ஒரு வருஷச் சம்பளம் போயிருக்கும், பார்த்தீங்களா?" என்று அவரை வம்புக்கு இழுத்தார். தீதி மணிபிளான்டை மடியில் வைத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அழுதேன், ஆனால் வெட்கமாக இல்லை.

இப்போது ஹவுராவிலேயே ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. சேர்ந்த முதல் நாளே ஃபேனைக் கொண்டுபோய் மேஜையில் வைத்துவிட்டேன். ஓர் இடத்தில் இருக்கிறவரை முழுசாக இருக்க வேண்டும் என்று எனக்குப் புரிய வைத்தவர், என்னைத் திருடி என்று நினைத்த பிறகும் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அந்த தீதிதான்.