குதிரையின் கருப்பட்டி

போன வருடம் பள்ளிக்கூட விடுமுறையில் பெரியகல்லாற்றிலிருந்து வேன் பிடித்து நுவரெலியாவுக்குப் போயிருந்தோம். நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும், கணவரின் தங்கையான என் மச்சாளும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் வளர்ந்த நான் குதிரையைக் கிட்டத்தில் பார்த்ததே அங்குதான். தேசியப் பூங்காவின் காட்டோரமாக மலையில் ஏறும் ஒரு பாதையில் குதிரைச் சவாரி போகலாம் என்றார்கள். மச்சாளுக்கும் எனக்கும் ஆசை பிடித்துக்கொண்டது.

எனக்கு சீனி வருத்தம். காலையில் இன்சுலின் ஊசி போட்டால் உடனே சாப்பிட வேண்டும். கணவர் நினைவுபடுத்தினார்.

"ஊசி போட்டிட்டாய் தானே, ரெண்டு வாய் சாப்பிட்டிட்டுப் போவன்."

"மறுகா வந்து சாப்பிடுவம்" என்றேன். போய்த் திரும்ப அதிக நேரம் ஆகாது என்று நினைத்தேன். சீனி இறங்கினால் வாயில் போட எப்போதும் டொபி வைத்திருக்கும் கைப்பையையும், குதிரையில் இடைஞ்சலாக இருக்கும் என்று கணவரிடமே கொடுத்துவிட்டேன்.

மச்சாளின் குதிரை உசாரானது. அதை நடத்திய இளைஞனோடு முன்னால் போய்விட்டது. என்னுடையது மண்ணிறக் கிழட்டுக் குதிரை. கம்பளித் தொப்பி போட்ட ஒரு சிங்கள மனிதர் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. சிரிப்பாலேயே சமாளித்துக்கொண்டு போனோம்.

ஏற ஏற மூடுபனி இறங்கியது. மச்சாளின் குதிரைக் குளம்புச் சத்தம்கூடக் கேட்கவில்லை. பாதையின் ஒரு பக்கம் மரங்கள், மறுபக்கம் சரிவு. அந்தக் குளிரில் எனக்கு வியர்த்தது. உதடு மரத்தது, சேணத்தைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கின. சீனி இறங்குகிறது என்று புரிந்துவிட்டது. சொல்லத்தான் மொழி இல்லை.

அவர் திரும்பிப் பார்த்து, நான் குதிரைக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். "பய வென்ன எப்பா" என்று என் முழங்காலைத் தட்டினார். பயப்படாதே என்கிறார் என்பது மட்டும் விளங்கியது. அதற்குள் மரங்கள் இரண்டு இரண்டாகத் தெரிந்தன. உடம்பு சரிவுப் பக்கமாகச் சாய்ந்தது. என் பிள்ளைகள் கீழே காத்துக்கொண்டு நிற்கிறார்களே என்ற நினைப்பு ஒன்றுதான் அப்போது எனக்கு இருந்தது.

"சீனி... சீனி" என்றேன். நாக்கு குழறியது.

சிங்களத்திலும் சீனி சீனிதான். அவர் சட்டென்று நின்றார். என் முகத்தைப் பார்த்தார், கையைத் தொட்டுப் பார்த்தார். "சீனி?" என்று கேட்டுக்கொண்டே கோட்டுப் பைக்குள் கையை விட்டு ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே கித்துள் கருப்பட்டித் துண்டுகள். வாசம் பட்டதும் குதிரை கழுத்தைத் திருப்பி மூக்கை நீட்டியது. அதன் பங்குதான் அது. அவர் குதிரையின் முகத்தை முழங்கையால் தள்ளிவிட்டு, ஒரு துண்டை என் வாயில் வைத்தார்.

பிறகு என்னைத் தாங்கி இறக்கி, மரத்தடியில் சாய்த்து இருத்தினார். தன் கோட்டைக் கழற்றி என்மேல் போர்த்தினார். காற்று படாமல் குதிரையைக் குறுக்கே நிறுத்திவிட்டு, துண்டு துண்டாகத் தந்துகொண்டே இருந்தார். பொட்டலம் காலியானபோது எனக்குக் கண் தெளிந்திருந்தது. என்னைக் காணவில்லை என்று திரும்பி வந்த மச்சாள், "என்னகா நடந்த?" என்று கேட்டு அழுதுவிட்டாள்.

இறங்கும்போது என்னை நடக்க விடவில்லை அவர். குதிரையில் ஏற்றி, ஒரு கையால் கடிவாளத்தையும் மறுகையால் என் முதுகையும் பிடித்துக்கொண்டே, வெறும் சட்டையோடு குளிரில் நடந்து வந்தார்.

கீழே கணவர் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் நன்றி சொன்னார். அவர் பதிலுக்கு ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"என்னவாம்?" என்றேன்.

"குதிரை உன்னோட கோவமாம். கருப்பட்டி அது திரும்பி வரேக்க திங்கிறதுக்கு வச்சிருந்ததாம்."

சாப்பிட்டு முடித்ததும் சந்தைக்குப் போய் ஒரு கட்டு கரட் வாங்கி வந்தேன். பயந்து பயந்து கையை நீட்டினேன். குதிரையின் சூடான உதடு உள்ளங்கையில் பட்டபோதுதான் அதுவரை வராத அழுகை எனக்கு வந்தது.

அவருடைய பெயரைக் கேட்கவே தோன்றவில்லை. இப்போதும் காலையில் ஊசி போட்டுவிட்டுச் சாப்பிட உட்காரும்போதெல்லாம், அந்த மனிதரும் அவருடைய குதிரையும் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் முதல் வாய் சோற்றை எடுக்கிறேன்.