லவோன் கழற்றிக் கொடுத்த பானெட்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, குத்தகை நிலத்தில் தொடங்கி, இந்த மின்னசோட்டா மண்ணில் நானூறு ஏக்கரைச் சொந்தமாக்கியவன் நான். லேசில் யாரையும் மெச்சமாட்டேன். பக்கத்துப் பண்ணை லவோன் ஸ்டென்ஸ்ருடை மெச்சுகிறேன். பள்ளிப் பேருந்து ஓட்டியே பிள்ளைகளை ஆளாக்கியவள். எந்தப் பனிப்புயலிலும் வண்டியைப் பள்ளத்தில் இறக்கியதில்லை.

புருஷன் ஆர்லோ செத்துப்போனபின் அவனுடைய பழைய டிராக்டர் ஓடாமல் கொட்டகையில் கிடந்தது. அதன்மேல் அவன் தம்பி மெர்லுக்கு ஒரு கண். முன்னொரு காலத்தில் தீப்பிடித்து அதன் எஞ்சின் மூடியான பானெட் கருகியபோது, தன் உடைசல் டிராக்டரிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுத்தவன் அவன்தான். அதைச் சாக்கிட்டு, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஆராதனை முடிந்து காபி குடிக்கையில் எல்லார் முன்னிலையிலும் டிராக்டரில் பங்கு கேட்டான். லவோன் கோப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. பழைய டிராக்டர்கள் ஊர்வலம் போகும் ஆகஸ்ட் மாதக் கதிரடி விழாவுக்கு அதைத் தானே ஓட்டி வருவதாகவும், முடியாவிட்டால் அவன் முழுசாகவே எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாள்.

எங்கள் விழாவில் டிராக்டர் தானே ஓடி வாசலுக்குள் நுழைய வேண்டும். இன்னொரு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தால் ஊர்வலத்தில் இடமில்லை. அந்த வாசலில் கயிறு பிடிப்பவன் நான். என்னை ஏமாற்றி ஒருத்தனும் உள்ளே போனதில்லை.

பழைய சாமான் சந்தையில் பழுதுபார்க்கும் கையேட்டின் மறுபதிப்பு ஒன்றை லவோன் வாங்கினாள். அங்கே நின்ற ஆம்பிளைகள் சிரித்தார்கள். எண்ணெய்க் கறை படிந்த அசல்தான் புத்தகமாம், இது வெறும் நகலாம்.

"எழுத்து அதேதானே? கறைய நானே போட்டுக்கறேன்," என்றாள்.

போட்டுக்கொண்டாள். ஆனால் புத்தகத்தில் சொன்னபடி ஒவ்வொன்றையும் பூட்டியும் எஞ்சின் இருமிவிட்டு அணைந்தது. மெர்ல் வேடிக்கை பார்க்க வந்தான்.

"சத்தமா வாசிச்சுக் காட்டுங்க அண்ணி. அதுக்குக் காது மந்தமோ என்னவோ."

அவன் போனதும் அவள் புத்தகத்துப் படத்தையும் எஞ்சினையும் மாறி மாறிப் பார்த்தாள். ரெண்டும் வேறு. எஞ்சின் பக்கவாட்டில் இருந்த சின்னத் தகட்டின் பெயின்டைச் சுரண்டினாள். அதில் இருந்தது இன்னும் பழைய மாடலின் எண். பானெட்டில் எழுதிய எண்ணைப் பார்த்துப் புத்தகம் வாங்கியிருக்கிறாள். பானெட்தான் மெர்லுடையதாயிற்றே! இந்த ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் வாங்குகிறோம்; தகட்டைப் பார்க்க எவன் குனிகிறான்?

கறைபட்ட புத்தகத்தைத் திருப்பி எடுக்கமாட்டேன் என்றான் கடைக்காரன். இதுக்கு வேற ஆள் இருக்கு என்று சொல்லிவிட்டுச் சரியானதை வாங்கி வந்தாள்.

விழாவன்று, மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே அந்த எஞ்சின் சத்தம் எனக்குத்தான் முதலில் கேட்டது. பானெட் இல்லாமல், எஞ்சின் அம்மணமாகத் தெரிய, லவோன் ஓட்டி வந்தாள். வாசலில் நின்ற மெர்லுக்கு முன்னால் நிறுத்தினாள். பின்னால் கட்டியிருந்த பானெட்டை அவிழ்த்து இறக்கி, அதன்மேல் கறைபட்ட அந்த முதல் புத்தகத்தை வைத்தாள்.

"இந்தாங்க கொழுந்தனாரே, உங்க பங்கு. புத்தகமும் இந்த பானெட்டுக்குத்தான்."

மெர்ல் என் பக்கம் திரும்பி, பானெட் இல்லாத வண்டியை எப்படி உள்ளே விடுவாய் என்று கேட்டான்.

"தானா ஓடி வந்துச்சா இல்லையா?" என்றேன்.

கயிற்றை அவிழ்த்தேன். ஊர்வலத்தில் முதல் வண்டியாக அவளைத்தான் விட்டேன்.