தலைமாட்டுச் சிலேட்டு

1. கையில் கொடுத்த சாக்பீஸ்

மலாக்காவில் செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில், மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரசராக நான் சேர்ந்த முதல் நாள், அங்கிருந்த பெரிய டிரசர் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு சாக்பீஸ் துண்டைக் கையில் கொடுத்தார். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு சிலேட்டு தொங்கும். நோயாளி வந்து படுத்ததும் முதல் வரியில் அவன் என்ன இனம் என்று எழுத வேண்டும். தமிழன், சீனன், ஜாவாக்காரன். அதற்குக் கீழே காய்ச்சல் அளவு. இடம் மிச்சமிருந்தால் பெயர்.

"காய்ச்சலுக்கு இனம் எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"தொரை ரவுண்டு வரப்ப அதைத்தான் முதல்ல பாப்பாரு. கேள்வி கேக்காம எழுதுலா," என்றார்.

நான் மலாக்கா டவுனில் பிறந்தவன். என் அப்பாவும் அங்கேயே பிறந்தவர். வேதக்காரக் குடும்பம், வீட்டில் தமிழும் மலாயும் கலந்துதான் சண்டை போடுவோம். டவுனுக்கு வடக்கே கடலோரமாகப் போனால் தஞ்சோங் கிளிங் வரும். கிளிங் என்று மலாய்க்காரர்கள் சொல்வது நம்மைத்தான். நம் ஆட்கள் எந்தக் காலத்திலோ அங்கே கரையிறங்கியதால் அந்தப் பெயர் என்பார்கள். கடற்கரைக்கே நம் பெயரை வைத்திருக்கும் ஊரில் நம்மை வெளியூர்க்காரன் என்று யார் சொல்லப்போகிறார்கள் என்று நினைத்திருந்தேன். இளவயது. அப்படியெல்லாம் நினைக்கத் தோன்றும்.

ஒருநாள் பங்களாச் சமையல்காரர் மலேரியாவோடு வந்து படுத்தார். பல தலைமுறையாக மலாக்காவில் வாழும் பாபா சீனர். நான் வழக்கம்போல 'சீனன்' என்று எழுதினேன். ரவுண்டு வந்த துரை பார்த்ததும் கட்டைவிரலால் அழித்துவிட்டார்.

"இவன் சீனா ஆள் இல்லே. இவன் இந்த ஊர் ஆள். லோக்கல் எழுது," என்றார். துரைக்குத் தமிழ் வரும், மரியாதை மட்டும் வராது.

நியாயம்தான் என்று 'லோக்கல்' என்று எழுதினேன். அந்த நியாயம் எல்லாருக்கும் பொது என்று நானே முடிவு செய்துகொண்டதுதான் மடத்தனம்.

2. சேலத்து கேங்

தோட்டத்து வேலையாட்களை கேங் கேங்காகப் பிரித்திருப்பார்கள். கங்காணி எந்த ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்தாரோ அந்த ஊர்ப் பெயர்தான் கேங்குக்கு. திருச்சி கேங், சேலத்து கேங். வேலையாட்கள் குடியிருக்கும் லயத்தில் குழந்தை பிறந்தால் அதுவும் தாய் தகப்பனின் கேங்தான். வளர்ந்து வேலைக்கு வந்த பிறகும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அந்த கேங்கோடுதான் வரிசையில் நிற்க வேண்டும். சேலம் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதவர்கள்கூட 'சேலத்தாள்' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்கள்.

வீரம்மா அப்படிப்பட்டவள். இதே லயத்தில் பிறந்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா கொட்டகையில் வளர்ந்து, அம்மாவை இதே தோட்டத்து இடுகாட்டில் புதைத்தவள். பால் வெட்டுவதில் அவளுக்கு இணை அந்தத் தோட்டத்தில் இல்லை. கத்தி பட்டையில் மட்டும் ஓடும், மரத்தில் படாது. வேலை முடிந்தால் வேலியோரம் பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்துப் பெண் மாக் திமாவோடு உட்கார்ந்து மலாயில் கதை அளப்பாள். புருஷன் செல்லன் சின்ன வயதில் கங்காணியோடு கப்பலேறி வந்தவன். அதிகம் பேசமாட்டான். மனைவி பேசுவதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருப்பான்.

3. விலை விழுந்த காலம்

பிறகு ரப்பர் விலை விழுந்தது. பாதி மரங்களில் பால் வெட்டாமல் விட்டார்கள். மிச்சமான ஆட்களை இந்தியாவுக்கே திருப்பி அனுப்புவது என்று முடிவானது. யாரை அனுப்புவது என்று ஒவ்வொரு ஆளாகப் பார்க்கத் துரைக்குப் பொறுமையில்லை. பெரட்டில் நின்று, "சேலத்து கேங் எல்லாம் ஊருக்குப் போ," என்றார். அவ்வளவுதான். ஒரு கேங் முழுக்க ஊருக்குப் போகிற கேங் ஆகிவிட்டது.

அந்தச் சமயம் வீரம்மா காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் வந்து படுத்திருந்தாள். வயிற்றில் பிள்ளை. கண்ணிமையை விலக்கிப் பார்த்தால் வெள்ளைத் துணி மாதிரி இருந்தது, அவ்வளவு ரத்தக் குறைவு. பெரட்டுச் செய்தி கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, என்னை எங்க அனுப்பறாங்க? எனக்கு அங்க யாரு இருக்கா? எங்கம்மா இங்க இருக்கு. எம் புள்ள இங்கயே பொறக்கட்டும்யா. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். அவள் தலைமாட்டுச் சிலேட்டில் நான் எழுதியிருந்த 'தமிழச்சி'யை அழித்துவிட்டு 'லோக்கல்' என்று பெரிதாக எழுதினேன். சமையல்காரருக்கு ஆன சட்டம் இவளுக்கும் ஆகட்டும் என்றிருந்தேன்.

துரை வந்தபோது மாக் திமா ஒரு தூக்கில் கஞ்சி கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். துரை சிலேட்டைப் பார்த்தார்.

"யார் எழுதினது?"

"நான்தான் சார். இந்த லயத்துல பிறந்தவங்க. இந்தியாவைப் பார்த்ததே இல்ல. உடம்புலயும் ரத்தமில்ல, கப்பல் தாங்கமாட்டாங்க."

"கப்பல்லே டாக்டர் இருக்கான்."

"உங்க சமையல்காரர் தாத்தாவும் சீனாவுல இருந்து வந்தவர்தானே சார்?"

"அவன் வேறே. இது கூலி. கூலிக்கு ஊர் இந்தியா."

மாக் திமாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் பேச்சு போகிற போக்கு புரிந்துவிட்டது. எழுந்து நின்று, "துவான், டியா ஓராங் சினி," என்றாள். ஐயா, இவள் இந்த ஊர்க்காரி என்று அர்த்தம். எந்த கேங், என்ன இனம் என்று அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தவரை வீரம்மாவை வெறும் ஊர்க்காரி என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

துரை அவள் பக்கம் திரும்பவேயில்லை. கட்டைவிரலால் சிலேட்டை அழித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"டிரசர், உனக்கும் இந்தியா பாக்க ஆசையா?"

அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மறக்கவில்லை. காற்சட்டையும் காலில் சப்பாத்தும் வாயில் இங்கிலீஷும் இருந்ததால் என் சிலேட்டில் மட்டும் இதுவரை ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்தார்கள். துரைக்கு அடுத்த கட்டிலைக் காட்டினேன்.

லாரியில் ஏறும்போது வீரம்மா அழவில்லை. பால் கத்தியை மாக் திமாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். மாக் திமாதான் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

4. புது ஆள்

சில வருஷம் கழித்து விலை ஏறியது. மறுபடி ஆள் வேண்டும் என்றார்கள். இதற்குள் பழைய துரை மாற்றலாகிப் போய்ப் புதுத் துரை, ஆள் கணக்கெழுதும் புதுக் கிராணி வந்திருந்தார்கள். இந்தியாவிலிருந்து வந்த புது ஆட்களை ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாக நிறுத்தினார்கள். கிராணி ஒவ்வொருவரையும் எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"சேலம்ங்க," என்று ஒரு குரல் கேட்டு நிமிர்ந்தேன். வீரம்மா. பாதியாகிப் போயிருந்தாள். இடுப்பில் ஒரு பையன்.

அவளைச் சோதிக்க உள்ளே கூப்பிட்டபோது செல்லனைப் பற்றிக் கேட்டேன்.

"அங்கயே போயிட்டாருய்யா. இவன் பொறக்கறதுக்கு முன்னாடியே, காலராவுல."

"ஏம்மா, இங்கேயே பிறந்தவள்னு கிராணிகிட்ட சொல்லக் கூடாதா?"

"போன தடவ சொன்னோமே ஐயா, என்ன ஆச்சு? அங்க போனா என்னை அக்கரைக்காரிங்கிறாங்க. நான் பேசறதக் கேட்டு சிரிக்கிறாங்க. சேலம்னு சொன்னாத்தான் கப்பல்ல ஏத்துனாங்க. எங்க ஊருக்குத் திரும்பி வர்றதுக்கு, இது எங்க ஊரு இல்லன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு."

பையனைத் தட்டிக்கொடுத்தாள். "இவன் ஒருத்தன்தான் நெசமான சேலத்துக்காரன்," என்று சொல்லிச் சிரித்தாள்.

புது ஆளுக்குப் பால் வெட்டத் தெரியாது என்பது தோட்டத்துச் சட்டம். அவளைப் புல் வெட்டப் போட்டார்கள், அதுவும் அவள் பல வருஷம் பால் வெட்டிய அதே மர நிரையில். நான் கிராணியிடம் சொல்லிப் பார்த்தேன். "புது ஆளுங்க எல்லாருமே அப்படித்தான் சொல்வாங்க டிரசர்," என்றார். வீரம்மா அதற்காக என்னிடம் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. ஒரே ஒருமுறை, "எம் மரத்தையெல்லாம் காயம் பண்ணி வச்சிருக்காங்கய்யா," என்றாள்.

மழைக்காலத்தில் பையனுக்கு மலேரியா கண்டது. இந்த மண்ணின் காய்ச்சல் அவன் உடம்புக்குப் புதிது. கொய்னா மருந்து கொடுத்தேன், ஊசி போட்டேன், எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். சிலேட்டை எடுத்தபோது முதல் வரியில் என்ன எழுதுவதென்று கை நின்றுவிட்டது. அதை விட்டுவிட்டுப் பெயரையும் காய்ச்சலையும் மட்டும் எழுதினேன். புதுத் துரை பார்த்துவிட்டு ஏன் இடம் காலியாக இருக்கிறது என்று கேட்டார். சாக்பீஸ் தீர்ந்துவிட்டது என்றேன். நான் ஓய்வு பெறும்வரை அந்த ஒரு வரிக்கு மட்டும் என்னிடம் சாக்பீஸ் தீர்ந்தே இருந்தது.

பையன் பிழைக்கவில்லை. வீரம்மாவின் அம்மாவுக்குப் பக்கத்திலேயே புதைத்தோம். மாக் திமாவும் வந்திருந்தாள். மண்ணைத் தள்ளி முடித்ததும் வீரம்மா என்னிடம், "இவனை இனி எந்த ஊருக்கும் அனுப்ப மாட்டாங்கல்ல ஐயா?" என்று கேட்டாள். நிஜமாகவே கேட்டாள். மாட்டார்கள் என்று சொன்னேன்.

இன்றைக்கு டிரசர் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு என்னிடம் சொல்வதற்கு அதிகமில்லை. ஆள் வந்து படுத்தால் எங்கே வலிக்கிறது என்று முதலில் கேளுங்கள், உண்மையைச் சொல்வார். எந்த ஊர் என்று கேட்டால், தன்னை யாரும் விரட்டாமலிருக்க எந்தப் பதில் உதவுமோ அதைத்தான் சொல்வார்.