கை ஆட்டினால் சுற்றும் ஃபேன்

ஆட்களுக்குத் தக்கபடி தானாக இயங்கும் கட்டடங்கள்தான் என் ஆராய்ச்சி. கல்லூரியில் நான் நடத்தும் பாடமும் அதுவே. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு காத்திருப்புக் கூடத்தில், ஆள் அசைந்தால் மட்டும் ஃபேன் சுற்றும்படி அமைத்திருந்தேன்.

ஒரு சித்திரை மதியம் பார்க்கப் போனேன். தூங்கும் குழந்தையை மடியில் வைத்து ஒரு பெண் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஃபேன் நின்றது, குழந்தை சிணுங்கியது. எதிரிலிருந்த ஓர் அம்மா கையைத் தூக்கி ஆட்டினார். ஃபேன் சுற்றியது. நின்றபோதெல்லாம் ஆட்டினார்.

பிறகு என்னிடம், "ஸ்ரீரங்கம் பஸ் வந்துடுச்சுங்க. புள்ள தூங்குது, இனிமே நீங்க ஆட்டுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

யார் வைத்த ஃபேன் என்று நான் சொல்லவில்லை. ஆட்டினேன்.

மறுநாளே, ஆள் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் ஃபேன் சுற்றும்படி சென்சாரை மாற்றிவிட்டேன். நல்ல கட்டடம் எப்படி இருக்கும் என்று மாணவர்கள் கேட்கும்போது, இன்றும் அந்த அம்மாவின் கையைத்தான் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.