ஒளிராத குழி

ஆய்வகத்தில் அவளுக்குச் 'சொட்டு அக்கா' என்று பெயர். பதினாறு வருஷமாகத் தொண்ணூற்றாறு குழித் தட்டில் பிப்பெட்டால் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? ஒவ்வொரு குழியிலும் நொதி, அது வெட்டினால் ஒளிர்கிற ஒரு பொருள், கூடவே சோதிக்கவேண்டிய மருந்து. மருந்து நொதியைக் கட்டிப்போட்டால் குழி ஒளிராது. இருட்டுக்காகத் தவம் கிடக்கிற வேலை.

அந்த நொதியோடு அவளுக்குச் சொந்தப் பகை இருந்தது. தம்பியின் முழங்காலில் வளர்ந்த புற்றுக்கட்டி அதை வைத்துத்தான் சுற்றுத் தசையை அரித்து வழி பண்ணிக்கொண்டிருந்தது. காலை எடுத்தால் பிழைப்பான் என்று மருத்துவர் நாள் குறித்திருந்தார். தம்பிக்கோ மனசு ஒப்பவில்லை.

அந்த வாரம்தான் ஒரு மஞ்சள் மருந்து விட்ட குழி இருண்டது. மூன்று முறை செய்தாள், மூன்று முறையும் இருட்டு. நேரே வீட்டுக்குப் போய், "கெடச்சிடுச்சுடா" என்று சொல்லிவிட்டாள். குழியில் கிடைத்தது மாத்திரையாக வரப் பத்து வருஷம் ஆகும் என்பது அவளுக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். பாசம் முந்திக்கொண்டது. அவன் அறுவைச் சிகிச்சைக்குப் போகவில்லை. அவளும் கண்டும் காணாமல் இருந்தாள்.

நிறமுள்ள மருந்தென்றால் முதலில் ஒரு சோதனை செய்யவேண்டும். புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் அவளே இதற்காகத் தலைப்பாடாக அடித்துக்கொள்வாள். நொதியே இல்லாமல், ஏற்கனவே ஒளிரும் சாயத்தில் மருந்தை விட்டுப் பார்ப்பது. இரண்டு மாதம் கழித்து மேலதிகாரி கேட்ட பிறகுதான் அதைச் செய்தாள். அங்கேயும் ஒளி செத்தது. மருந்து நொதியைத் தொடவே இல்லை, வெளிச்சத்தை மட்டும் விழுங்கியிருக்கிறது. நொதி தன் பாட்டுக்கு வெட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, குழியிலும் காலிலும்.

மறுநாளே தம்பியை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். நுரையீரலுக்குப் போய்விட்டது, இனிக் காலை எடுத்துப் பயனில்லை என்று மருத்துவர் கையை விரித்தார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, மருந்து பொய்த்ததையும் செய்யாமல் விட்ட சோதனையையும் அவனிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். முழங்காலைத் தடவிக்கொண்டான்.

"அந்த ரெண்டு மாசமும் நல்லாத் தூங்குனேன்க்கா," என்றான். "இதை இன்னும் கொஞ்ச நாள் சொல்லாம இருந்திருக்கலாம்ல?"