கருப்பையாவின் சட்டை

வக்கீல் ஜெயித்தால் அது வக்கீலின் சாமர்த்தியம். தோற்றால் குமாஸ்தாவின் லட்சணம். மனுவும் கையுமாகக் கோர்ட்டு வாசலில் காய்ந்திருக்கும் உங்களுக்கு இதைச் சொல்லவா வேண்டும்?

அப்போது யுத்த காலம். மதுரை தெற்குவாசலில் ஊர்வலத்தைக் கலைக்க ஒரு சப்-இன்ஸ்பெக்டர் சுட்டார். செத்தது ஊர்வலக்காரர் இல்லை, அவனியாபுரத்து வண்டிக்காரர் கருப்பையா. கம்பை ஓங்கிக்கொண்டு எதிரே வந்தான் என்று போலீஸ் எழுதியது. அட பாவிகளா, பயந்து ஓடியவரின் முதுகிலல்லவா குண்டு பாய்ந்தது! வீட்டார் நடுங்கிப்போய், டாக்டரிடம்கூடக் காட்டாமல் அன்றே எரித்துவிட்டார்கள். பெண்டாட்டி வீராயி, நான் குமாஸ்தாவாக இருந்த வக்கீலிடம் வந்தாள். தன் புருஷன் யாரையும் அடிக்கப் போகவில்லை என்று சர்க்கார் சொல்ல வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

பார்த்த சாட்சி

காப்பிக் கடைக்காரர் எல்லாவற்றையும் பார்த்தவர். நாலு தடவை போய்க் கெஞ்சினேன். பெஞ்சைத் துடைத்தபடியே மெல்லச் சொன்னார்: "பாத்தது வாஸ்தவந்தாண்ணே. ஆனா சுட்டவரு நாளைக்கும் இங்கதான காப்பி குடிக்க வருவாரு?"

மனு போன வழி

கலெக்டருக்கு மனுப் போட்டோம். 'விசாரித்து அறிக்கை அனுப்பவும்' என்ற குறிப்போடு அது ஒவ்வொரு ஆபீசாகக் கீழே இறங்கி, கடைசியில் சுட்டவர் மேசைக்கே வந்து சேர்ந்தது. வீராயியை ஸ்டேஷன் வாசலில் அரை நாள் நிற்க வைத்தார்கள். இதென்ன அநியாயம் என்று ஏட்டையாவிடம் கேட்டேன். கெட்ட மனுஷர் இல்லை அவர், நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்: "எங்க எல்லையில நடந்தத எங்க ஐயா விசாரிக்காம வேற யாருய்யா விசாரிப்பாக?"

தடயம்

வக்கீல் விடவில்லை. மல்லுக்கட்டி, டிப்டி கலெக்டர் விசாரணைக்கு உத்தரவு வாங்கினார். சாட்சி இல்லை, உடம்பும் இல்லை. மிஞ்சியது, செத்தபோது போட்டிருந்து, எரிக்குமுன் கழற்றி வைத்த சட்டைதான். முதுகில் மட்டும் ஓட்டை. "நாளைக்கு மறக்காம அதக் கொண்டாந்துரு தாயி, அம்புட்டும் அதுலதான் இருக்கு" என்று வீராயியிடம் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் டிப்டி கலெக்டர் முன்னால் அவள் சட்டையைப் பிரித்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. முதுகில் பொடித் தையலில் அழகாக ஓர் ஒட்டு. அவர் புரட்டிப் பார்த்து, "வண்டிக்காரன் சட்டைன்னா ஒட்டு இருக்கத்தானே செய்யும்?" என்று தள்ளி வைத்தார். போலீஸ் மேல் தப்பில்லை என்று முடித்துவிட்டார்கள். படியிறங்கும்போது வீராயி என்னிடம் கேட்டாள்: "நல்லாத்தான சாமி வெளுத்திருந்தேன்? அம்புட்டுப் பெரிய அதிகாரி கையில ரத்தத்தோடயா குடுக்க முடியும்?"

கோர்ட்டில் என்ன பேச வேண்டும் என்று முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த நான், துவைக்காதே என்ற ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டு ஒரு சப்-இன்ஸ்பெக்டரை யோக்கியராக்கினேன்.