தேரில் போன சான்றிதழ்

கம்ப்யூட்டரில் சவுரிராயனுக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று திண்டிவனத்தில் ஒரே ஒருவர்தான் நம்பினார். அது சவுரிராயனேதான். சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே மென்பொருள் எழுதுகிறவர். மனைவி கிளாராவுக்கு இங்கே நர்ஸ் வேலை. அவளை விட்டுவிட்டு மறுபடியும் சென்னை மேன்ஷன் அறையில் போய்க் கிடக்க அவருக்குத் துளியும் மனசில்லை.

வேலைக்கு வேண்டிய மென்பொருள்களை இறக்கித் தருவது பேக்கேஜ் மேனேஜர் என்கிற புரோகிராம். கம்பெனியின் பாதுகாப்புச் சான்றிதழ் எங்கே இருக்கிறது என்று அதற்கு வழி எழுதி வைத்தால்தான் அது கம்பெனி சர்வரை நம்பும். சவுரிராயன் தன் கையாலேயே எழுதி வைத்திருந்தார். அந்தப் பெருமையைக் கிளாராவிடம் அளந்தும் ஆயிற்று.

மாதா கோயிலில் கொடியேறியதிலிருந்து சனியன் பிடித்தது. காலையில் சமர்த்தாக நடக்கிற வேலை, சாயங்காலமானால் சான்றிதழை நம்ப மாட்டேன் என்று முரண்டு பிடித்தது. சவுரிராயன் நெட்காரனைத் திட்டினார், மோடத்தை மாற்றினார், கரண்ட்டைச் சபித்தார். தன்னைச் சந்தேகிக்க மட்டும் தோன்றவில்லை. அவ்வளவு தன்னடக்கம்.

"உங்க ஊர் நெட்டு சரிப்படாது சவுரி. இன்னைக்கு சாயங்காலம் என் கண்ணு முன்னால இன்ஸ்டால் பண்ணிக் காட்டுங்க. முடியலன்னா திங்கட்கிழமை சென்னைக்கு வந்துடுங்க" என்றார் மேலாளர் அறிவுச்செல்வன்.

அன்று தேர்த் திருநாள். மேலாளர் வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்க, அதே முரண்டு. சவுரிராயன் தான் எழுதிய வழியை முதல் தடவையாகத் தானே படித்துப் பார்த்தார். அது பென் டிரைவில் போய் முடிந்தது. சென்னையிலிருந்து அதில்தான் சான்றிதழைக் கொண்டுவந்தார். கம்ப்யூட்டருக்குள் மாற்றவே இல்லை. திருவிழாவில் சாயங்காலம் ஒலிபெருக்கியில் போடுகிற கோயில் பாட்டுகளும் அதே பென் டிரைவில்தான். "என்னங்க, பாட்டை எடுத்துக்கினு போறேன்" என்று கிளாரா தினமும் சொல்லிவிட்டுத்தான் உருவிக்கொண்டு போனாள். அவரும் தினமும் தலையாட்டினார்.

"என்ன ஆச்சு சவுரி?"

பொய் வாய்வரை வந்து, வெட்கப்பட்டுத் திரும்பிப் போயிற்று. "சர்டிஃபிகேட்டு தேரு மேல போய்க்கினு இருக்குது சார். கொஞ்சம் இருங்க, வாங்கியாந்துடறேன்."

தெருமுனையில் தேரோடு வந்த கிளாராவிடம் மூச்சிரைக்கச் சொன்னார். அவள் ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து பென் டிரைவை உருவினாள். பாட்டு பாதியில் நின்றது. தெருவே அவரைத் திரும்பிப் பார்த்தது.

"ஏன் நின்னுச்சு?" என்றார் ஒருவர்.

"எங்க வூட்டுக்காரரு கம்ப்யூட்டர்ல பெரிய ஆளு" என்றாள் கிளாரா.

ஜனங்கள் வாயாலேயே பாடிக்கொண்டு தேரை இழுத்துப் போனார்கள். சான்றிதழ் கம்ப்யூட்டருக்குள் ஏறியதும் எல்லாம் மளமளவென்று இறங்கின.

"ஊர் மேல கோளாறு இல்ல சவுரி. அங்கயே இருங்க" என்றார் அறிவுச்செல்வன். கோளாறு யார் மேல் என்று அவர் சொல்லவில்லை. சவுரிராயனும் கேட்கவில்லை, பென் டிரைவைத் திருப்பிக் கொடுக்கத் தேருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்.